இளைய வன்னியன் விட்டுப் போனதை யார் எடுத்தார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இதழில் வந்து முடிந்த வன்னிச் சரித்திரத் தொடர்கதை நூலாக வரப்போகிறது, அதற்கு முன் வாசகர்கள் கருத்து எழுதலாம் என்று போட்டிருந்தீர்கள். அதனால் எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும். இடம் இல்லையென்றால் முன்பகுதியை வெட்டுங்கள், பின்பகுதியை வெட்டாமல் போடுங்கள்.

தொடரை வாசிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) காலம். வன்னியை ஆண்ட சிற்றரசர்களான வன்னியனார்களில் ஒருவரின் இளைய மகன். திறைக்கு யானை பிடிக்கக் காட்டுக்குள் அனுப்பப்பட்ட குடிகள் மிதிபட்டுச் சாவதைக் கண்ணால் கண்டுவிட்டு, தலைப்பாகையையும் மோதிரத்தையும் கழற்றித் தகப்பனுக்கு முன்னால் வைத்து, இரவோடு இரவாக வெளிக்கிட்டு ஒரு காட்டோரக் கிராமத்துக்குப் போய்க் கமக்காரனாக வாழத் தொடங்குகிறான். ஆள் கற்பனைதான், எழுத்தாளரே முதல் கிழமையில் அதைச் சொல்லிவிட்டார். ஆனால் அவனைச் சுற்றி நடப்பது கற்பனை இல்லை. வன்னியனார்கள் போர்த்துக்கேயருக்கும் ஒல்லாந்தருக்கும் யானைகளைத் திறையாகக் கொடுத்திருக்கிறார்கள். அந்த யானைகளை ஆனையிறவால் கடத்தி யாழ்ப்பாணப் பக்கம் நடத்திக் கொண்டுபோய் ஊர்காவற்றுறையில் கப்பல் ஏற்றியிருக்கிறார்கள். எழுத்தாளர் இதை வடிவாகப் படித்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறார். யானை பிடிக்கும் பணிக்கர்மார் வார்க்கயிற்றோடு யானையின் பின்னங்காலுக்குக் கிட்டப் போகும் அந்த ஒரு பகுதியை அம்மாவுக்கு நான் சத்தமாக வாசித்துக் காட்டினேன், முடிந்ததும் இன்னொருக்கா வாசி என்று கேட்டா.

என் மனக்குறையெல்லாம் அவன் அரமனைப் படியை விட்டு இறங்கிய பிறகு வரும் கிழமைகளைப் பற்றியது.

மோதிரத்தைக் கழற்றி வைத்தான், சரி. அந்த மோதிரத்தோடு சேர்ந்து வந்த உரிமைகள் எங்கே போயின? விளைந்த நெல்லில் வன்னியனார் வீட்டுக்குப் போகும் பங்கு, கூலி இல்லாமல் வந்து செய்ய வேண்டிய ஊழியம், யானை பிடிக்க இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் என்று ஆள் கேட்கும் அதிகாரம், பரம்பரை பரம்பரையாக வீட்டோடு கட்டுண்டு கிடக்கும் அடிமைகுடிகள், இவ்வளவும் அவன் பங்கில் இருந்தவைதானே. அவன் போன அடுத்த நாள் காலையிலேயே அதெல்லாம் தமையன் கைக்குப் போயிருக்கும். ஒல்லாந்தர் கேட்ட யானைத் தொகையில் ஒன்று குறைந்திருக்காது. அவனுடைய பழைய குடிகள் அடுத்த வருசமும் அதே காட்டுக்குள் போயிருப்பார்கள், இந்த முறை கொஞ்சமாவது இரக்கப்படக்கூடிய ஒருவன்கூட மேலே இல்லாமல். அவர்கள் அந்த மாரியை எப்படிக் கழித்தார்கள் என்று தொடர் முழுக்கத் தேடினேன், ஒரு வரி இல்லை. அவன் மனம் நிம்மதியாகிவிட்டது என்று மட்டும் பல தடவை வருகிறது.

அவன் வேறு என்ன செய்திருக்க முடியும் என்று சிலர் கேட்பார்கள், எங்கள் வாசிகசாலையில் கேட்டார்கள். இலங்கையில் ஊழிய முறையை அரசாங்கம் நிறுத்தியது 1832இல், அடிமை முறையை முழுதாக ஒழித்தது 1844இல், இரண்டும் இங்கிலீசுக்காரர் காலத்தில். அதற்கெல்லாம் முந்திய ஒரு காலத்தில், தன் கையில் அதிகாரம் இருந்த அந்த ஒரே இரவில், தனக்குக் கட்டுப்பட்ட நாலு குடும்பத்துக்காவது இனி உங்கள் மீது எங்கள் வீட்டுக்கு உரிமை இல்லை என்று ஓலை எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். தகப்பன் அதைக் கிழித்திருக்கலாம், தமையன் மறுத்திருக்கலாம், அதில் ஒரு சண்டையே வந்திருக்கலாம், அதுவும் கதைதானே! கதை எழுதுகிறவருக்கு அது எவ்வளவு பெரிய இடம். அந்த இடத்தில் எழுத்தாளர் நிலா வெளிச்சத்தில் குதிரையில்லாமல் நடந்து போகும் இளைஞனைக் காட்டிவிட்டுத் தொடரும் போட்டுவிட்டார்.

அடுத்தது குளம். ஒரு கிழமை அவன் இரணைமடுக் குளக்கட்டில் ஏறி நின்று, கதவு திறந்து தண்ணீர் பாய்வதைப் பார்த்து மகிழ்கிறான். இரணைமடு அந்தக் காலத்தில் இல்லை. கனகராயன் ஆற்றை மறித்துப் போன நூற்றாண்டில் கட்டிய குளம் அது, 1920 அளவில்தான் கட்டி முடிந்தது. வவுனிக்குளம் பழையதுதான், ஆனால் அதுவும் உடைந்து காடு மூடிக் கிடந்து, 1950களில்தான் திருப்பித் திருத்தினார்கள். அவன் போன ஊரில் இருந்திருக்கக்கூடியது ஒரு சின்னக் கிராமக் குளம். நூலில் இதைக் கட்டாயம் திருத்த வேண்டும், ஏனென்றால் குளம் மாறினால் அவன் வாழ்க்கையே மாறிவிடும். பெரிய குளத்தில் எங்கேயோ ஒருவர் கதவைத் திறப்பார், எங்கள் வயலுக்குத் தண்ணீர் வரும். சின்னக் குளத்தில் எல்லாம் ஊர்ச் சனத்தின் கையில். நிலத்தின் அளவைப் பார்த்து ஒவ்வொரு வீட்டுக்கும் குளக்கட்டில் ஒரு துண்டு, வேலியில் ஒரு துண்டு என்று பங்கு பிரித்துவிடுவார்கள். மாரிக்கு முதல் உன் துண்டில் பற்றையை வெட்டி, எலிப் பொந்தை அடைத்து, அலை அரித்த இடத்துக்கு மண் போட வேண்டும். உன் பங்கு வேலியை நீ ஒழுங்காக அடைக்காவிட்டால் பன்றி அந்த ஓட்டையால் வந்து பக்கத்து வயலையும் சேர்த்துத்தான் உழுது தள்ளிவிட்டுப் போகும், விடியக் காலமை பக்கத்து வயல்காரன் உன் வாசலில் வந்து நிற்பான். பன்றிகளை வைத்தே ஒரு பள்ளு பாடிவைத்த சனம் நாங்கள், அந்தத் தொல்லை அவ்வளவு பெரியது.

இந்த வேலி அடைக்கும் வேலையைத் தொடரில் அவன் ஒருநாளும் செய்யவில்லை. அவன் வயலுக்குள் பன்றி வரவேயில்லை. பரணில் இருந்து இரவில் காவல் காக்கிறான், அதுவும் பாட்டுப் பாடிக்கொண்டு. சிறுத்தையைக் கொல்லுகிறான். சிறுத்தையைக் கொல்லுவது அரசன் வீட்டுப் பிள்ளைக்குத் தெரிந்த வேலை. வாசலில் வந்து நின்று ஏசுகிற பக்கத்து வயல்காரனுக்குப் பதில் சொல்லத் தெரியாமல் தலையைக் குனிந்துகொண்டு கத்தியை எடுத்துக்கொண்டு வேலிக்குப் போவது அவனுக்குப் புதிய வேலை. அதைக் காட்டியிருந்தால் அவன் எங்களில் ஒருவன் ஆகிவிட்டான் என்று நான் நம்பியிருப்பேன்.

தண்ணீர்ச் சண்டை வரும் பகுதிதான் என்னை இந்தக் கடிதம் எழுதவே வைத்தது. ஊர் இரண்டாகப் பிரிந்து மண்வெட்டியோடு நிற்கிறது, அவன் நடுவில் வந்து கையை உயர்த்துகிறான், சனம் அடங்கிவிடுகிறது, ஒரு சொல்லில் தீர்ப்புச் சொல்கிறான், கிழவர்கள் கண்ணீர் விட்டு எங்கள் ராசா என்று கும்பிடுகிறார்கள். அப்படியானால் அவன் எதை விட்டு வந்தான்? மோதிரம் இல்லாமலும் சொன்னால் சனம் கேட்கிறது என்றால் அதிகாரம் அவனோடு கூடவே நடந்து வந்திருக்கிறது. எழுத்தாளருக்கு அவனைச் சாதாரண ஆளாக வைத்திருக்க மனம் வரவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

சிறுபோகத்துக்கு, அதாவது மழை இல்லாத காலத்து நெல் விதைப்புக்கு, முதல் நடக்கும் கூட்டம் ஒன்றுக்கு எழுத்தாளர் கிளிநொச்சிக்கு வந்து பார்க்க வேண்டும். நாங்கள் குத்தகைக்கு எடுத்துச் செய்யும் வயல் இரணைமடுவின் கீழ்தான் வருகிறது. 36 அடிக் குளம், ஆனால் சிறுபோகத்துக்கு எல்லாருக்கும் ஒருநாளும் தண்ணீர் காணாது. குளத்தில் இத்தனை அடி நிற்கிறது, இத்தனை ஏக்கர்தான் விதைக்கலாம் என்று பொறியியலாளர் சொன்னவுடனே மண்டபம் இரைச்சலாகிவிடும். யாருடைய வாய்க்காலுக்கு இந்த முறை, போன முறை செய்யாதவர்களுக்கு எவ்வளவு பங்கு, எத்தனையாம் திகதிக்குள் விதைத்து முடிக்க வேண்டும், எத்தனையாம் திகதி கதவு பூட்டுவது, ஒவ்வொன்றுக்கும் ஒரு மணித்தியாலம் சண்டை. காணி உள்ளவர்கள் முன்னால் இருப்பார்கள். எங்களைப் போலக் குத்தகைக்காரர் பின்னால் சுவரோரமாக நிற்போம். ஒருமுறை அம்மா பின்னாலிருந்தே கையைக் காட்டி, மேலே உள்ளவர்கள் இரவில் வாய்க்காலை மறித்தால் கடைசியில் உள்ள நாங்கள் யாரிடம் போய்ச் சொல்வது என்று கேட்டா. மேசையில் இருந்தவர்களில் ஒருவர், காணிக்காரர் வந்து கேட்கட்டும் அம்மா என்றார். அம்மா இருக்கவில்லை, நின்றுகொண்டே இருந்தா. பிறகு எங்கள் காணிக்காரர் எழும்பி அதே கேள்வியைக் கேட்டார், பதில் வந்தது, கொப்பியிலும் எழுதினார்கள்.

இளைய வன்னியனை அந்தச் சுவரோரத்தில் நிற்கவைத்துப் பாருங்கள். அவன் கேட்ட கேள்விக்குப் பதில் வராமல், அதே கேள்வியை இன்னொருவர் கேட்டதும் பதில் வரட்டும். அந்த இடத்தில் பழைய குரலை எடுத்து நான் யார் தெரியுமா என்று அவன் சொல்கிறானா, சொல்லாமல் நிற்கிறானா? அவன் சிறப்புரிமையை விட்டானா இல்லையா என்பது அங்கேதான் தெரியும்.

அரிச்சந்திரன் கூத்தை விடிய விடியப் பார்த்த சனத்துக்கு இது புதிய விசயம் இல்லை. அவனும் நாட்டை விட்டு இறங்கிய அரசன்தான், வாக்குக்காக இழந்தவன். ஆனால் கூத்தில் அவன் சுடலைக்குப் போனவுடன் வேலை தொடங்கிவிடுகிறது. முழத்துண்டு, கால் பணம், வாய்க்கரிசி என்று ஒரு கூலிக் கணக்கு இருக்கிறது, அவனுக்கு மேலே வீரவாகு என்று ஒரு எசமான் இருக்கிறான், செத்த மகனைத் தூக்கிக்கொண்டு வந்த சொந்தப் பெண்சாதியிடமே அந்தக் கூலியைக் கேட்க வேண்டியதாகிவிடுகிறது. எசமானின் பங்கை விட்டுக்கொடுக்க அவனுக்கு உரிமை இல்லை, அதுதான் எங்களைப் பிழிகிறது. விடியும் நேரம் முடி திரும்பக் கிடைத்துவிடும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும், அதற்காக யாரும் அவ்வளவு நேரம் பனியில் இருப்பதில்லை. உங்கள் தொடரின் கதாநாயகனுக்கு மேலே ஒரு வீரவாகு இல்லை. அவனுக்குக் கூலி கொடுப்பவரும் இல்லை, கூலி குறைப்பவரும் இல்லை.

சாப்பாட்டையும் கேட்க வேண்டும். வயல் வேலை தெரியாத ஒருவன் வந்து முதல் அறுவடை எடுக்கும்வரை எதைச் சாப்பிட்டான்? அந்தக் காலத்து வன்னியில் குளம் வற்றினால் காடு வெட்டி விதைக்கும் சேனையில் விளைந்த குரக்கனும் சாமையும் வரகும்தான், அதுவும் அளந்து அளந்து. யாரோ ஒரு வீட்டில் அவனுக்காக ஒரு கை குறைத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். அவன் கட்டிய பெண் அந்த வீட்டுப் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும். தொடரில் அவள் தண்ணீர்க் குடத்தோடு வருகிறாள், வெட்கப்படுகிறாள், பிள்ளை பெறுகிறாள். குரக்கனை யார் திரித்தார்கள், நெல்லை யார் குற்றினார்கள், அவன் காய்ச்சலில் கிடந்தபோது வயலுக்கு யார் போனார்கள்? வன்னியில் இன்றைக்கும் எத்தனையோ வீடுகளில் பெண் தனியாகத்தான் வயலையும் பார்த்துப் பிள்ளைகளையும் பார்க்கிறாள், யுத்தத்துக்குப் பிறகு அது எங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவளுக்கு ஒரு அத்தியாயம் கொடுங்கள். அவன் துறந்ததைப் பற்றி அவளுக்கு ஒரு அபிப்பிராயம் இருந்திருக்கும். எங்கள் வீட்டு அரிசிப்பானையைப் பார்த்துவிட்டா மோதிரத்தைக் கழற்றினாய், அதை விற்றிருந்தால் ஒரு மாடு வாங்கியிருக்கலாமே என்று அவள் கேட்டிருக்க மாட்டாளா? நான் என்றால் கேட்டிருப்பேன்.

காய்ச்சல் என்றேன், தொடரில் அதுவும் இல்லை. இலங்கையில் மலேரியா இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது 2016இல். அதற்கு முந்திய வன்னியைக் காய்ச்சல் இல்லாமல் எழுத முடியாது, வெள்ளைக்கார அதிகாரிகளே இந்தப் பக்கம் வரப் பயந்தது அதனால்தான். பறங்கிப் புண் வேறு, உடம்பெல்லாம் புண்ணாகிக் கை கால் முடங்கிப்போகும். சாதாரண வாழ்க்கைக்குப் போனவனுக்குச் சாதாரண வருத்தம் வராமல் இருக்குமா.

சாதியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அவன் போன ஊர் எந்த ஊர் என்று எழுத்தாளர் மறைத்துவிட்டார். எந்தக் கிணற்றில் தண்ணீர் குடித்தான், யார் கையால் வாங்கிக் குடித்தான்? வன்னியனார் மகன் எந்தத் திண்ணையிலும் ஏறி இருக்கலாம், ஆடு மாடு பார்க்கும் எல்லாருக்கும் அந்தத் திண்ணையில் இடம் இருந்திருக்காது. அவன் தலைப்பாகையைக் கழற்றினாலும் சாதி கழலாது. அதைக் கழற்ற வேண்டுமென்றால் அவன் திண்ணைக்குக் கீழே இறங்கி, அங்கே இருப்பவர்களோடு இருந்து சாப்பிட வேண்டும், பிறகு அந்த ஊர் அவனை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

நான் ஏன் இவ்வளவு தூரம் ஒரு கற்பனைப் பாத்திரத்தோடு மல்லுக்கட்டுகிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன். 1977 கலவரத்தில் மலைநாட்டிலிருந்து அடிபட்டு வந்த குடும்பம் எங்களுடையது. தாத்தாவும் பாட்டியும் தேயிலைக் கொழுந்து பறித்த கையோடு வந்து இங்கே காடு வெட்டினார்கள், நெல் அருவி வெட்டினார்கள், மிளகாய் பறித்தார்கள். எங்களைப் போல ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் இருக்கின்றன. அதற்கு முந்தியே விசுவமடு, முத்தையன்கட்டுப் பக்கம், படித்த வாலிபருக்கு அரசாங்கம் காணி கொடுத்த திட்டத்தில் காணி எடுத்து வந்தவர்கள் பலர் நல்ல மனிதர்கள். கந்தோர் வேலைக்குக் காத்திருந்த பொடியன்கள், சட்டையைக் கழற்றிவிட்டுக் கொட்டிலில் இருந்து, காய்ச்சலில் நடுங்கி, வெங்காயமும் மிளகாயும் வைத்து முன்னுக்கு வந்தார்கள். வெளிநாட்டு மிளகாய் வராமல் தடுத்திருந்த அந்த ஆறேழு வருசம் அவர்களுக்குக் காசு பார்த்த காலம். அவர்களைப் பற்றிச் சிறப்பு மலர் போடுகிறார்கள், போடட்டும், தகும். அதே தோட்டத்தில் நாள் கூலிக்கு மிளகாய்ப் பழம் பறித்த எங்கள் பாட்டிமாரைப் பற்றி ஒரு மலரிலும் நான் பார்த்ததில்லை. அவர்களுக்கு விட்டுக்கொடுக்க எதுவும் இருக்கவில்லை, அதனால் கதையும் இல்லை என்று ஆகிவிட்டது. அரசாங்கக் காணி கேட்டுக் காணிக் கச்சேரிக்கு அப்பா போய்ப் போய் வந்ததெல்லாம் வேறு கடிதத்துக்கு உரியது. காணிப் பெர்மிட் இன்னும் கைக்கு வரவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மேலே இருந்து இறங்கி வருகிறவனைப் பற்றிக் கதை எழுதுங்கள், எனக்கு அது பிடிக்கும், அம்மாவுக்கும் பிடிக்கும். இறங்கி வந்த இடத்தில் ஏற்கெனவே இருந்தவர்கள் அவனைக் கும்பிடுவதற்கென்று மட்டும் அங்கே இருக்கவில்லை. அவர்களுக்குப் பெயர் வையுங்கள். அவனைத் திட்டுகிறவர் ஒருவரையாவது போடுங்கள். கடைசி அத்தியாயத்தில் தமையனுக்கு எதிராக ஊரைத் திரட்டி அவனே தலைமை தாங்குகிறான், அதை மாற்ற முடியுமென்றால் மாற்றுங்கள். வேறு ஒருவர் தலைமை தாங்கட்டும், அவன் பின்னால் மண்வெட்டியோடு போகட்டும். எழுத்தாளருக்கு அந்தத் திறமை இருக்கிறது, யானைப் பகுதியை எழுதியவர் இதையும் எழுதுவார்.

குறைந்தது இரணைமடுவையாவது அச்சுக்குப் போக முதல் எடுத்துவிடுங்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதை அப்படியே பரீட்சையில் எழுதிவிடுவார்கள். நூல் வந்ததும் கிளிநொச்சிக் கடைகளிலும் முல்லைத்தீவிலும் கிடைக்கும்படி செய்யுங்கள். வெளியீட்டு விழாவை யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ வைத்தாலும் இங்கேயும் ஒன்று வையுங்கள், வயல் வேலை குறைந்த ஒரு மாதத்தில், பின்னேரம் பஸ் நிற்க முதல் முடிகிற மாதிரி. நாங்கள் வருவோம், எழுத்தாளரோடு நேரில் கதைக்க எங்கள் ஊரில் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கிளிநொச்சி.